பருத்திக் கந்தோரும் பத்திரிகைத் தாளும்

ஓவியம் நெடுங்காலம் நிற்பது. செய்தித்தாள் ஒரு பகலில் மூப்படைவது. முன்னது அரும்பொருட்சாலையிற் காவலுடன் பேணப்படுகின்றது. பின்னது மறுநாட் காலையிற் கடைக்காரர் கையிற் சரையாகின்றது. இவ்விரண்டுக்கும் உள்ள உறவு யாதென வினவின், யாதும் இல்லை என்றே பலரும் விடையிறுப்பர். ஆயினும், பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் புகழ்பெற்ற படமொன்றின் நடுவே ஓர் அமெரிக்க நாளேடு விரிந்து கிடக்கின்றது. அத்தாளின் ஒரு முனையைப் பற்றி இழுப்போமாயின், ஒரு குடும்பத்தின் வரலாறும், ஒரு போரின் வரலாறும், பருத்தி வணிகத்தின் வரலாறும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. முடிவில் அந்நூல் நம் நாட்டையும் வந்து தொடுகின்றது. அவ்வாற்றை இங்குச் சிறிது ஆராய்வோம்.

படத்திற் காண்பன

பிரான்சு தேசத்தின் தெற்கே போ என்னும் நகரத்து அரும்பொருட்சாலையில் அப்படம் உள்ளது. அதனை வரைந்தவர் எட்கார் டெகா. காலம் 1873ஆம் ஆண்டு. உயரம் ஏறத்தாழ 73 சென்ரிமீற்றர், அகலம் 92 சென்ரிமீற்றர். பெரிய படமன்று, நம் வகுப்பறைக் கரும்பலகையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள நியூ ஓர்லியன்ஸ் துறைமுக நகரில் இருந்த ஒரு பருத்திக் கந்தோரின் உட்புறம் அதிற் காட்டப்பட்டுள்ளது.

கறுப்புச் சட்டையணிந்த ஆடவர் ஏறத்தாழப் பதினைந்து பேர் அவ்வறையில் உள்ளனர். முன்னே அமர்ந்திருக்கும் முதியவர், உயர்ந்த தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் அணிந்து, பருத்திப் பஞ்சைச் சிறிதளவு எடுத்து இரு கைகளாலும் பிரித்து அதன் இழையைச் சோதிக்கின்றார். அவரே கந்தோரின் தலைவர் மிஷேல் முசோன், ஓவியருக்குத் தாய்மாமன். வலப்புறத்தில் ஒருவர் பெரிய கணக்குப் புத்தகத்தின் மேற் குனிந்து நிற்கின்றார். இடப்புறத்தில் ஒருவர் சாளரத்திற் சாய்ந்தவாறு வேலையற்று நிற்கின்றார்; அவர் ஓவியரின் தம்பியருள் ஒருவரான அஷீல். அறையின் நடுவில் நீண்ட மேசையின்மீது வெண்மேகம் படிந்தாற்போலப் பஞ்சு பரப்பிக் கிடக்கின்றது. அம்மேசைக்கு இப்பால், கால்களை நீட்டிக் கதிரையிற் சாய்ந்து, இரு கைகளாலும் பத்திரிகையொன்றை விரித்துப் படிப்பவர் மற்றைத் தம்பி றெனே. அப்பத்திரிகை நியூ ஓர்லியன்ஸ் நகரத்து ‘டெயிலி பிக்கயூன்’ என்பது கலை வரலாற்றாசிரியர் கூற்று.

நெற்காலத்தில் நம் ஊர்ச் சந்தைக்கும் ஆலைக்கும் சென்றோர் முசோனின் கைகளை உடனே இனங்கண்டுகொள்வர். வியாபாரி சாக்கினுள்ளே கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்து, உள்ளங்கையிற் பரப்பி, ஊதி, ஒரு மணியைப் பல்லிடை வைத்துக் கடித்து ஈரப்பதன் அறிவான். பொருள் வேறு; கையின் அறிவு ஒன்றே.

‘கந்தோர்’ என்ற சொல்லை நாம் எண்ணியே இங்குக் கையாண்டோம். ஒல்லாந்தர் காலத்தில் நம் பேச்சில் வந்து குடிபுகுந்த சொல் அது. ஒல்லாந்தரோ அதனைப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றனர். கணக்கிடும் மேசை எனப் பொருள்படும் ‘கொம்த்துவார்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லே, ஒல்லாந்த மொழியில் உருத்திரிந்து, கடல் கடந்து நம்மிடம் ‘கந்தோர்’ ஆயிற்று. ஆதலின் இப்படத்திற்கு நாம் இடும் பெயரிலேயே பிரெஞ்சு வேர் ஒன்று மறைந்திருத்தல் காண்க.

ஓவியரின் தாய்வழி

பாரிஸ் நகரத்து ஓவியர் ஒருவர் அமெரிக்கப் பருத்திக் கந்தோர் ஒன்றில் எவ்வாறு நுழைந்தார்? விடை அவர்தம் தாய்வழியில் உள்ளது. டெகா 1834ஆம் ஆண்டு யூலை 19ஆந் தேதி பாரிசிற் பிறந்தார். தந்தையார் வங்கித் தொழிலினர். தாயார் செலெஸ்தீன் முசோன் நியூ ஓர்லியன்சிற் பிறந்தவர். தாயாரின் தந்தை பருத்தி வணிகத்தாற் பொருள் ஈட்டியவர். தாயார் 1847இல் இறந்தபோது டெகாவுக்கு வயது பதின்மூன்று. தாயின் ஊரைச் சிறுவயதிற் காதாற் கேட்டாரேயன்றிக் கண்ணாற் கண்டிலர்.

அவ்வூர் அவரை முதலில் நாடி வந்தது அகதிகளின் உருவிலாம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் வடவர்க்கும் தென்னவர்க்கும் இடையே உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. முசோனின் மகள் எஸ்தெல்லின் கணவர் 1862ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் கொறிந்த் என்னுமிடத்துப் போரில் மடிந்தார். இளங் கைம்பெண்ணாகிய எஸ்தெல் கைக்குழந்தையுடனும் தாயுடனும் தமக்கையுடனும் 1863இற் பிரான்சிற்கு இடம்பெயர்ந்தார். அம்மூன்று பெண்களையும் ஒருங்கே அமர்த்தி 1865இல் டெகா நீர்வண்ணத்தில் வரைந்த படம் சிக்காகோ நகரில் உள்ளது. போர் முடிந்தபின் அவர்கள் ஊர் திரும்பினர். றெனே அவர்களைத் தொடர்ந்து அமெரிக்கா சென்று, அஷீலுடன் கூடி அங்கு வணிகந் தொடங்கி, 1869இல் மாமன் மகளாகிய எஸ்தெல்லையே மணந்தார். அதற்குள் எஸ்தெல்லின் கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது.

1872ஆம் ஆண்டு ஒக்ரோபரில் டெகா தம்பியருடன் தங்கும்பொருட்டு நியூ ஓர்லியன்ஸ் சென்றடைந்தார். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அங்குத் தங்கினார். பார்வையற்ற எஸ்தெல் பூக்களைத் தடவி ஒழுங்குசெய்யும் தோற்றத்தை அவர் வரைந்தார். ஓவியரும் தம் கண்ணொளி குன்றுவதை அக்காலத்தில் உணரத் தொடங்கியிருந்தார் என்பதை நினைந்து அப்படத்தை நோக்குவோமாயின் அதன் அமைதி நம் நெஞ்சைத் தொடும். 1965இல் நியூ ஓர்லியன்ஸ் மக்கள் பொருள் திரட்டி அப்படத்தைத் தம் நகரத்து அரும்பொருட்சாலைக்கு வாங்கினர்.

ஒரு வெள்ளிக்காசின் பெயர் பெற்ற நாளேடு

இனி, றெனேயின் கையிலுள்ள தாளை நோக்குவோம். ‘பிக்கயூன்’ 1837ஆம் ஆண்டு சனவரி 25ஆந் தேதி தொடங்கப்பட்டது. பிக்கயூன் என்பது அக்காலத்தில் அங்கு வழங்கிய சிறிய ஸ்பானிய நாணயம். ஆறேகால் சதப் பெறுமதியுடையது. அதுவே ஒரு பிரதியின் விலை. பத்திரிகை தன் விலையையே தன் பெயராக இட்டுக்கொண்டது. நிறுவியோர் இருவர்: பிரான்சிஸ் லம்ஸ்டன், ஜோர்ஜ் வில்க்கின்ஸ் கெண்டல். கெண்டல் 1846 முதல் 1848 வரை நிகழ்ந்த மெக்சிக்கப் போரின்போது களத்திற்கே சென்று செய்தி அனுப்பியவர். போர்முனைச் செய்தியாளருள் முன்னோடி எனப் போற்றப்படுபவர்.

துறைமுக நகரத்து நாளேடு செய்திக் கோவை மட்டுமன்று. வணிகனுக்கு அது ஒரு கருவி. கப்பல்களின் வரவும் போக்கும், லிவர்ப்பூல் சந்தையின் பருத்தி விலையும், கடன்பட்டோர் பெயரும், கூட்டு வணிகங்களின் தொடக்கமும் முடிவும் அதில் வெளிவரும். ஆதலின் றெனே தொழில் நேரத்தில் வீணே பத்திரிகை படிக்கின்றார் என்று கொள்ள வேண்டா. அவ்வறையில் அதுவும் ஒரு வேலை.

இங்கே நாம் வியக்கத்தக்க தொடர்பொன்று உண்டு. முசோனின் கூட்டு வணிகம் 1873ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்திற் கலைக்கப்பட்டது. அவ்வறிவித்தலைத் தாங்கி வந்தது அதே டெயிலி பிக்கயூன். அம்மாதம் 18ஆந் தேதி தம் நண்பரான ஓவியர் திசோவுக்கு எழுதிய கடிதத்தில், பருத்தி பரப்பிய மேசையைச் சூழ்ந்த ஏறத்தாழப் பதினைந்து பேரைக் கொண்ட படமொன்றை வரைந்து வருவதாக டெகா தெரிவிக்கின்றார். ஆகவே, ஓவியர் தூரிகையால் அக்கந்தோரை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தபோது உண்மைக் கந்தோர் மூடப்பட்டுவிட்டது. ஆரவாரமின்றித் தொழில் நடப்பது போலத் தோன்றும் அறை, உண்மையில் வீழ்ந்த வீட்டின் உட்புறமே.

றெனே படிப்பது அவ்வறிவித்தல்தானோ என்று கேட்போர் உளர். கதைக்கு அது சுவை கூட்டும். ஆயின் படத்திலுள்ள தாளின் எழுத்துக்கள் படிக்கக்கூடியனவல்ல, தேதியும் இல்லை. தம்பி கையிற் பத்திரிகை உள்ளது என்பது சான்று. பத்திரிகையில் அறிவித்தல் வந்தது என்பது வேறொரு சான்று. அவ்விரண்டையும் ஒட்டவைத்து, அவர் அதனையே படித்தார் என்பது ஊகம். சான்று எதுவரை செல்கின்றதோ அதுவரையே நாமும் செல்லுதல் வேண்டும். வரலாறு பயிலும் மாணவர் இப்படத்தினின்று பெறத்தக்க முதற்பாடம் இதுவே.

கந்தோர் வீழ்ந்த காரணம்

முசோன் போன்றோர் வெறும் தரகர் அல்லர். பயிரிடுவோனுக்கு விதைப்புக் காலத்தில் முற்பணம் கொடுப்பர். வேண்டிய பண்டங்களைக் கடனுக்கு அனுப்புவர். விளைச்சல் வந்ததும் பஞ்சைத் தம் கந்தோரில் தரம் பிரித்து விற்று, வட்டியையும் தரகுக் கூலியையும் கழித்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுப்பர். விதைப்புக்குப் பணம் வாங்கிச் சூட்டுக் களத்தில் நெல்லாக அளந்து கொடுத்த வழக்கத்தை அறிந்த வன்னி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

போருக்கு முன் பிரித்தானிய ஆலைகள் வாங்கிய பருத்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து சென்றது. போர் மூண்டதும் வடவரின் கப்பற்படை தென்துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். போர் முடிந்தபின் பழைய நிலை மீளவில்லை. அடிமை முறை 1865இற் சட்டத்தால் ஒழிந்தது. நிலவுடைமையாளர் கடனில் ஆழ்ந்தனர். 1866இல் அத்திலாந்திக் சமுத்திரத்தினடியிற் கடற்றந்தி நிலையாக இயங்கத் தொடங்கியது. லிவர்ப்பூல் விலை வாரக்கணக்கிற் கப்பலில் வந்த நிலை மாறி, உடனுக்குடன் வந்து சேர்ந்தது. புகையிரதப் பாதைகள் உள்நாட்டை ஊடுருவின. வாங்குவோர் பயிரிடுவோனிடமே நேரிற் சென்றனர். 1871இல் நியூ ஓர்லியன்சிற் பருத்திப் பரிவர்த்தனை நிலையம் எழுந்தது. இடையில் நின்று பஞ்சைக் கையாற் பிரித்துப் பார்த்த முதியவரின் அறிவுக்குப் பழைய விலை இல்லாதொழிந்தது.

ஓவியருடைய குடும்பமும் இவ்வீழ்ச்சியினின்றும் தப்பவில்லை. இப்படத்தை மான்செஸ்டர் நகரத்து ஆலை முதலாளி ஒருவருக்கு விற்க டெகா எண்ணினார், அது கைகூடவில்லை. 1874இல் தந்தையார் இறந்தபின் வங்கியின் கடன்கள் வெளிப்பட்டன. றெனே வணிகத்திற்கு வாங்கிய கடனும் அதிற் சேர்ந்திருந்தது. குடும்ப மானத்தைக் காக்கத் தம் உடைமைகளை விற்ற டெகா, அதுமுதல் ஓவியத்தை விற்றே வாழ வேண்டியவரானார். 1876இற் பாரிசில் நிகழ்ந்த இரண்டாவது இம்பிரெஷனிஸ்டு கண்காட்சியில் இப்படம் வைக்கப்பட்டது. 1878இற் போ நகரத்து அரும்பொருட்சாலை அதனை 2000 பிராங்குக்கு வாங்கியது. டெகாவின் படங்களுள் அரும்பொருட்சாலை ஒன்று வாங்கிய முதற்படம் இதுவே. கடன்பட்ட குடும்பத்தின் படமே ஓவியருக்கு முதன்மதிப்பைத் தேடித் தந்தது. அதே 1878இல் றெனே, பார்வையற்ற மனைவியையும் பிள்ளைகளையும் கைவிட்டு வேறொருத்தியுடன் சென்றார். அப்பிள்ளைகளை முசோன் தம் பெயரிட்டு வளர்த்தார்.

படத்தில் இல்லாதோர்

ஒரு படத்தை ஆராயுங்கால் உள்ளவரை எண்ணுதல் எளிது; இல்லாதவரை எண்ணுதலே அரிது. அம்மேசைமீது கிடக்கும் பஞ்சைக் கொய்த கறுப்பின மக்களில் ஒருவர்தாமும் அவ்வறையில் இல்லை. எட்டாண்டுகளுக்கு முன்னரே விடுதலை பெற்ற அவர்களது உழைப்பு அங்கு உள்ளது, அவர்கள் இல்லை. 1874 செப்ரெம்பர் 14இல், அம்மக்களுக்கு வாக்குரிமை அளித்த மாநில அரசைக் கவிழ்க்க எழுந்த வெள்ளையர் கலகத்தின் முன்னோடியாக நிகழ்ந்த பொதுக்கூட்டத்திற்குத் தலைமை வகித்தவர், படத்தில் அமைதியாகப் பஞ்சு பிரிக்கும் அதே முசோன் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. கலையழகு கண்ட கண் நீதியையும் காணல் வேண்டும்.

இல்லாதோருள் ஓர் உறவினரும் உளர். டெகாவின் பாட்டியாருடைய உடன்பிறந்தார் ஒருவருக்கும் கறுப்பின வழிவந்த ஒரு பெண்ணுக்கும் 1806இற் பிறந்தவர் நோர்பேர் ரில்லியூ. டெகாவின் தாயாருக்கு இவர் மாமன் மகன். பாரிசில் எந்திரக் கலை பயின்ற இவர், 1843இலும் 1846இலும் பதிவுசெய்த கண்டுபிடிப்பு உலகத் தொழிலை மாற்றியது. கருப்பஞ்சாற்றைத் திறந்த கொப்பரைகளிற் காய்ச்சுவதால் விறகு பெரிதும் வீணாயிற்று. ரில்லியூ மூடிய கலங்கள் பலவற்றை வரிசையாக இணைத்தார். முதற்கலத்திற் சாறு கொதித்து எழும் ஆவியே இரண்டாங் கலத்தைச் சூடாக்கும். இரண்டாங் கலத்தில் அமுக்கம் குறைவாதலின், அங்குள்ள சாறு குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அதன் ஆவி மூன்றாவதற்கு உதவும். ஒருமுறை எரித்த விறகு மும்முறை தொழில் செய்கின்றது.

இன்றும் சீனி ஆலைகளிலும், உப்புநீரிலிருந்து கோஸ்ரிக் சோடா ஆக்கும் தொழிலிற் கரைசலைச் செறிவாக்குவதிலும் இத்தத்துவம் பயன்படுகின்றது. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனிற் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் ஆக்கிய இரசாயனத் தொழிற்சாலையை, போர் அதனை நிறுத்துமுன் கண்டிருந்த பழைய மாணவர் நம்மிடை உளர். இரசாயனம் பயில்வோர் இத்தத்துவத்தைக் கற்குங்கால், பருத்திக் கந்தோர்ப் படத்தில் இடம் பெறாத அவ்வுறவினரை ஒருகணம் நினைவார்களாக.

நாளேட்டிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. பருத்திக் கந்தோரிற் பெண் ஒருவரேனும் இல்லை. ஆயின் அப்படம் பாரிசிற் காட்சிக்கு வைக்கப்பட்ட அதே 1876ஆம் ஆண்டிற் பிக்கயூனின் உரிமை, கணவரை இழந்த எலைசா ஜேன் என்னும் கவிஞரின் கைக்கு வந்தது. கடனில் மூழ்கியிருந்த பத்திரிகையைக் கைவிடாது நடத்திக் கரைசேர்த்தார் அவர். அமெரிக்கப் பெருநகர் நாளேடொன்றை நடத்திய முதற்பெண்மணி எனப் போற்றப்படுகின்றார்.

நம் பக்கத்துத் தொடர்புகள்

அமெரிக்கப் பருத்தி நின்றதும் ஆலை முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். திருநெல்வேலிக் கரிசல் நிலத்துப் பஞ்சு தூத்துக்குடித் துறையினின்றும் ஏற்றுமதியாயிற்று. விலை ஏறியது, வணிகர் களித்தனர். போர் முடிந்து அமெரிக்கப் பஞ்சு மீண்டதும் விலை வீழ்ந்தது. 1865இற் பம்பாய் வணிகம் பெருஞ்சரிவு கண்டது. எஸ்தெல்லைக் கைம்பெண் ஆக்கிய போர், அதன் பெயரையும் அறியாத உழவனுக்கு முதலில் ஆதாயமும் பின்னர் இழப்பும் கொணர்ந்தது.

அமெரிக்கப் பத்திரிகை என்பதும் நமக்குப் புதிதன்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனார் 1841இல் ‘உதயதாரகை’யைத் தொடங்கித் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டனர். பிக்கயூனுக்கு அஃது நான்கே ஆண்டு இளையது. சமயப் பரப்புதலே அவர்தம் நோக்கமாயினும், அச்சின் ஆற்றலை நம்மவர் அதனால் உணர்ந்தனர். 1889இற் சைவ பரிபாலன சபையார் ‘இந்து சாதனம்’ வெளியிட்டதும், இந்துக் கல்லூரிகள் எழுந்ததும் அவ்வுணர்வின் விளைவுகளே. நம் கல்லூரியும் அம்மரபின் ஒரு கிளை.

முடிவுரை

முசோனின் கந்தோர் இன்று இல்லை. பிக்கயூனும் 1914இல் வேறொரு நாளேட்டுடன் இணைந்து பெயர் மாறியது. ஆயினும் ஒரு குளிர்காலத்தில் அவ்வறையில் யார் யார் இருந்தனர், எங்கே நின்றனர், கையில் எதனை வைத்திருந்தனர் என்பதை இன்றும் நாம் அறிகின்றோம். ஒருவர் அதனைக் கண்டு வரைந்தார். ஒரு நாளேடு தேதியிட்டு அச்சிட்டது. இரண்டையும் பிறர் பேணினர். படம் முகத்தைக் காத்தது. பத்திரிகை காலத்தைக் காத்தது. ஒன்று இல்லையேல் மற்றையது ஊமை.

நம் நிலையை எண்ணுவோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நெல் வாங்கிய கடைகள், அரிசி ஆலைகள், கூட்டுறவுச் சங்கக் கந்தோர்கள், அச்சகங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றின் கணக்குப் புத்தகங்கள் எங்கே? 1996லும், 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் மக்கள் இடம்பெயர்ந்தபோது, காணி உறுதியையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் மட்டும் பையிலிட்டுக் கொண்டு சென்றோர் பலர். அவையும் வழியில் இழந்தோர் அதனினும் பலர். நம் தந்தையர் எக்கதிரையில் இருந்து எக்கணக்கை எழுதினர் என்பதைக் காட்டும் படமொன்றேனும் பல வீடுகளில் இல்லை.

இவ்விழா மலரைப் போன்ற ஏடுகள் அவ்விழப்பை முற்றும் ஈடுசெய்ய மாட்டா. ஆயினும் ஓரளவு தடுக்க வல்லன. பழைய மாணவர் தாம் கண்ட கந்தோரையும் கடையையும் களத்தையும், இருந்தோர் பெயரையும் ஆண்டையும் பிழையற எழுதுவார்களாக. வீட்டிலுள்ள பழைய நிழற்படத்தின் பின்புறத்தில், அதிலுள்ளார் பெயரைப் பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பார்களாக. மாணவர் அவற்றைச் சான்று நோக்கிப் பயில்வார்களாக. எழுதுங்கால் கணக்கு எழுதியவரோடு மூடை சுமந்தவரையும், விற்றவரோடு விளைத்தவரையும், ஆடவரோடு பெண்டிரையும் மறவாது சேர்த்தல் வேண்டும். டெகாவின் படம் நமக்குக் கற்பிப்பது அது காட்டியதனால் மட்டுமன்று, காட்டாது விட்டதனாலுமாம்.